மீண்டும் மீண்டும் எண்ணப்பட்ட ஊர்கள்

பிற மாநிலங்களில் வாழும் நாம் சொந்த ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், புறப்பட்ட நாளில் கண்ட ஊரையே பேசுகிறோம். நாம் விட்டுவந்த நிலையிலேயே அது இருக்கிறது என்பது நம் நினைப்பு. இந்நினைப்பைச் சோதித்துப் பார்க்கப் பொருளாதார ஆராய்ச்சியில் ஒரு வழி உண்டு. ஒரே கிராமத்துக்குத் தலைமுறைதோறும் சென்று, திரும்பவும் கணக்கெடுப்பதே அது.

தென்னாட்டில் இதற்கு வித்திட்டவர், 1915-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் ஒரு வினாப்பட்டியலை மாணவர் கையிற் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊருக்கே அனுப்பினார். நிலம் எவருடையது, மாடு எத்தனை, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதிவந்தவை 1918-இல் நூலாயின. இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை வந்து வினவினால், பண்ணையாள் தன் பசியை ஒளிக்காமல் சொல்லியிருப்பானா என்பது ஐயமே.

1936-37-இல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் அவ்வூர்கள் மறுபடி ஆராயப்பட்டன. இடையில் 1929-இன் உலகப் பொருளாதார மந்தம் வந்து, நெல் விலை வீழ்ந்திருந்தது. கடனோ ரூபாயில் எழுதப்பட்டது. விலையோடு சேர்ந்து அது இறங்குவதில்லை. பத்து மூட்டை விற்று அடைக்கக்கூடிய கடனுக்கு, விலை பாதியானால் இருபது மூட்டை அளக்க வேண்டும். விளைச்சல் குறையாமலே குடியானவன் நிலத்தை இழப்பது இவ்வாறுதான்.

இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டை ஆராய்ச்சியாளர் 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளை ஒட்டியும் சென்று கண்டனர். முதற் கணக்கெடுப்பின் காலத்தில் அங்கே படியாள் முறை வேரூன்றியிருந்தது. திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ நிலக்கிழாரிடம் வாங்கிய கடன் தீருமட்டும், படியாள் வேறிடம் வேலைக்குப் போக முடியாது. கூலியும் தானியமாகவே அளக்கப்படும். கடைசி ஆய்வின்போது அம்முறை மறைந்துபோயிருந்தது. சட்டமும் அரசியலும் இதற்குத் துணைசெய்தன. ஆயினும் வெளியூரில் கிடைத்த வேலையே பெரிய நெம்புகோல் என்று நாம் கருதுகிறோம். போக ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தவனைக் கடனால் கட்டிவைப்பது கடினம்.

அப்படிப் போனவர்களுள் நாமும் அடங்குவோம். இதனால் ஆராய்ச்சியாளனுக்குப் புதிய சிக்கல் ஒன்று பிறந்திருக்கிறது. ஸ்லேட்டரின் மாணவர்கள் ஊருக்குள் இருந்தவர்களை எண்ணினார்கள். பம்பாயில் உழைத்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பி, பொங்கலுக்கு மட்டும் வந்து போகிறவனை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? அவன் அனுப்பும் பணத்தில் வெட்டிய கிணறோ அவ்வூர் விளைச்சலில் ஏறிவிடுகிறது.