குழந்தை சொத்தல்ல!

(ஸ்ரீரங்கத்தில் நடைபெற்ற மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புருஷனும் மனைவியும் விவாகரத்துச் செய்துகொண்டால் குழந்தை யாரிடம் இருப்பது? கோர்ட்டு இதை எப்படித் தீர்மானிக்கிறது? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் வக்கீல் அல்ல. பத்தாம் வகுப்புத் தேறியவன். ஆனால் கூலிப் பிரச்னைக்காக சங்க ஆபீசுக்கு வருகிற பெண்கள் இந்தப் பிரச்னையையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். ஆகவே சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

சாத்தார வீதியில் பூத்தொடுக்கும் பெண்ணானாலும் சரி, உறையூரில் தறியில் உழைக்கும் பெண்ணானாலும் சரி, அவளிடம் சொல்லப்படுவது ஒன்றுதான். "உனக்கு ஏது வருமானம்? கோர்ட்டுக்குப் போனால் குழந்தை எங்களுக்குத்தான். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடு!" இதைக் கேட்டுப் பயந்து, பெற்ற பிள்ளையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்த மிரட்டலில் உண்மை எவ்வளவு?

ஒரு காலத்தில் உண்மை இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் 1890ல் வந்த கார்டியன் சட்டம், தகப்பன் உயிரோடும் தகுதியோடும் இருக்கிறவரை வேறொருவரை கார்டியனாக நியமிக்கலாகாது என்றது. தாயையும் அந்த இடத்தில் சேர்க்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்றிருபது வருஷம்! 1956ம் வருஷத்து இந்து மைனர் சட்டமும் "தகப்பன், அவனுக்குப் பிறகு தாய்" என்றே எழுதியது. மகன் பெயரில் பத்திரம் வாங்க தாய் கையெழுத்துப் போட்டால் போதாது என்று ரிசர்வ் பாங்க் சொன்னது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்காடினார். "பிறகு" என்றால் தகப்பன் செத்த பிறகு என்று அர்த்தமல்ல. அவன் பொறுப்பை ஏற்காமல் இருக்கும்போதும் தாய்தான் கார்டியன் என்று 1999ல் சுப்ரீம் கோர்ட் விளக்கம் தந்தது.

ஆனால் கார்டியன் யார் என்பது வேறு. குழந்தை யார் வசம் வளர்வது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு அதே 1956ம் வருஷத்துச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 6வது பிரிவு. குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது 13வது பிரிவு. சென்னையிலிருந்து சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973ல் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாகச் சொல்லிற்று. குழந்தைகள் தட்டுமுட்டுச் சாமானும் அல்ல, பெற்றோரின் விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது கிறிஸ்துவக் குடும்பத்தின் வழக்கு. 1890ம் வருஷத்துச் சட்டமோ எல்லா மதத்தாருக்கும் பொது.

நலன் என்றால் என்ன? பணமா? அல்ல. குழந்தையின் வயது, அது ஆணா பெண்ணா என்பது, படிப்பு, பழகிய வீடு, பெற்றோரின் நடத்தை, இதுவரை யார் வளர்த்தார்கள் என்பது எல்லாவற்றையும் ஜட்ஜ் பார்க்கிறார். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். தகப்பன் அமெரிக்காவில் வசதியாக இருந்த ஒரு வழக்கில், 1997ல் சுப்ரீம் கோர்ட் பையனை இந்தியாவிலிருந்த தாயிடமே விட்டது. பணவசதி இரண்டாம்பட்சம், அன்பும் நிலையான வாழ்வுமே முக்கியம் என்றது.

அப்படியானால் சோற்றுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் வழி? அதற்குத்தான் ஜீவனாம்சம். குழந்தை தாயிடம் இருந்தாலும் செலவுக்குத் தகப்பன் பொறுப்பாளியே. முன்பு 125வது பிரிவு என்றார்கள். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 144வது பிரிவு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிராளிக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் கூடுமானவரை முடிக்க வேண்டும். இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. "எனக்கு வருமானமே இல்லை" என்று வாயால் சொல்லித் தப்ப முடியாது. வறுமைக்கு மருந்து ஜீவனாம்சம், குழந்தையைப் பிடுங்குவதல்ல!

தாய்மார்களே, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தை தகப்பனின் சொத்தல்ல என்றால், தாயின் சொத்தும் அல்ல. தகப்பன் வந்து பார்ப்பதை வீம்புக்குத் தடுப்பதும், பிஞ்சு மனதில் விஷத்தை ஊற்றுவதும் நமது வழக்கையே கெடுக்கும். அதைவிட, குழந்தையைக் கெடுக்கும். குடிகாரன், அடிக்கிறவன் என்றால் அதைக் கோர்ட்டில் சொல்லிப் பாதுகாப்புக் கேட்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மிரண்டு போட்டுவிட்டீர்களா? அதோடு கதை முடிந்துவிடவில்லை. குழந்தையைப் பற்றிய உத்தரவு கல்வெட்டல்ல. நிலைமை மாறினால் மாற்றக் கோரலாம். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர்க் கோர்ட்டில் இந்த மனு போடலாம். ஸ்ரீரங்கத்தில் வளரும் குழந்தைக்குத் திருச்சி குடும்பநலக் கோர்ட்டு. வக்கீலுக்குப் பணமில்லையா? 1987ம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும்.

வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுபடுவது உண்மை. உத்தரவான ஜீவனாம்சம் கைக்கு வராமல் போவதும் உண்மை. தினக்கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்கும் பெண் இதனால்தான் சோர்ந்துபோகிறாள். அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் போகட்டும். சங்கத்துத் தோழர் ஒருவர் கூடப் போகட்டும். தனியாக நின்றால் பயந்து கையெழுத்துப் போடுகிறவள், நாலு பேர் கூட நின்றால் "படித்துப் பார்த்துத்தான் போடுவேன்" என்பாள்!