பேய்க்கதை வாங்கப் போகிறீர்களா?
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



'நூல்களின் பயன்' பற்றிப் பேசச் சொன்னார்கள். அதை ஆண்டுதோறும் கேட்டிருப்பீர்கள். பரிசாகக் கொடுத்த புத்தகங்கள் நல்லவைதான். ஆனால் கைக்காசு போட்டு நீங்கள் வாங்குவது எது என்று எனக்குத் தெரியும். பேய்க்கதை! ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். தலைமையாசிரியர் சிரிக்கிறார், அனுமதி கிடைத்துவிட்டது.

நான் தோட்டத்துப் பிள்ளை. தமிழ்ப்பள்ளி முடித்து ரிமூவ் வகுப்பில் இருந்தபோது, ஓர் ஆசிரியர் 'குரங்கின் பாதம்' என்ற ஆங்கிலக் கதையைச் சொன்னார். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதியது. காய்ந்துபோன ஒரு குரங்குப் பாதம் மூன்று வரம் கொடுக்கும். ஒரு குடும்பம் 200 பவுன் பணம் கேட்கிறது. பணம் வருகிறது. எப்படி? மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்து, அதற்கு ஈடாக! தாய் மனம் கேட்குமா? மகன் திரும்பி வரவேண்டும் என்று அடுத்த வரத்தைக் கேட்கச் சொல்கிறாள். நடு இரவில் கதவு தட்டப்படுகிறது...

அன்றிரவே அதை என் தம்பிக்குச் சொன்னேன். அவனுக்கு வயது ஏழு. நான் கைவேலை காட்டி, பலகையில் தட்டித் தட்டிச் சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு ரப்பர் ஆலையில் வேலை என்பது அப்போது என் புத்தியில் படவே இல்லை. பத்து மணிக்கு மேல் நல்ல மழை. அப்பா வந்து கதவைத் தட்டினார். தம்பி ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "தொறக்காதம்மா! அது அப்பா இல்ல!" என்று கத்தினான். அப்பா வெளியே நனைந்தபடி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிடக் கூப்பிட இவன் அலறுகிறான். அப்புறம் மூன்று நாள் காய்ச்சல். அம்மா முனியாண்டி கோவிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். காரணம் நான்தான் என்று அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

கதை மீது குற்றமில்லை. அதைப் போலச் சிறந்த பேய்க்கதை எனக்குத் தெரிந்து குறைவு. கதவுக்கு வெளியே நிற்பது என்ன என்று ஆசிரியர் காட்டவே மாட்டார். பார்க்காததுதான் பயம். பத்துப் பக்கத்துக்குள் பல்லும் நகமும் ரத்தமும் வந்துவிட்டால், அந்தப் புத்தகத்தைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். பதினோராம் பக்கத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இன்னொன்றும் பாருங்கள்: பேய்க்கு ஒரு துயரம் இருக்கிறதா? நம் ஊர்ப் பொந்தியானாக் யார்? பிரசவத்தில் இறந்த பெண் என்றுதானே பாட்டிமார் சொல்வார்கள்? வாழைமரத்தையும் பூ வாசத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை மறந்துவிட்ட கதை சவசவ என்று இருக்கும்.

தமிழில் வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. அந்தப் பெயரில் தொகுதி 1943இல் வந்தது. வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், அவ்வளவுதான். பேயா, மனப்பிராந்தியா என்று கடைசிவரை பிடி கொடுக்காது. படிவம் நான்குக்கு மேல் படிக்கலாம். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் வந்தது. பெரும்பாலும் நாட்குறிப்பும் கடிதமும் தந்தியுமாகவே போகும். கோட்டைக்குப் போவதையும் அங்கே நடப்பதையும் சொல்லும் முதல் நான்கு அத்தியாயம் பிரமாதம். பிறகு கொஞ்சம் இழுவைதான், மறைக்கமாட்டேன்.

'உண்மைப் பேய்க்கதைகள்' என்று அட்டையில் போட்டவை இங்கே நன்றாக விற்கின்றன. சிங்கப்பூரில் ரசல் லீ என்ற புனைபெயரில் 1989இல் தொடங்கிய வரிசை தொகுதி தொகுதியாக வளர்ந்தது. படியுங்கள், சுவைதான். 'உண்மை' என்ற சொல்லை மட்டும் அட்டையோடு விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

பெற்றோரே, பிள்ளை கையிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால் போர்வைக்குள் படிப்பான், பயம் இரட்டிப்பாகும். முதலில் நீங்கள் ஒரு கதை படித்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு விக்கிரமாதித்தன் வேதாளம் போதும். பிணத்துக்குள் இருந்துகொண்டு புதிர் போடுகிற பேய்! பயப்பட நேரமிருக்காது, விடை யோசிக்கவேண்டும். அம்புலிமாமாவில் அது வருகிற நாளில் எங்கள் லயத்தில் ஒரே பிரதி எட்டு வீடு சுற்றும்.

போன மாதம் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணே, அந்தக் குரங்குக் கதை புஸ்தகமா கெடைக்குமா? பேரனுக்கு வேணும்," என்றான்.

"பேரனுக்கு என்ன வயசுடா?"

"ஏழு."

வேதாளத்தை வாங்கி அனுப்பினேன்.