தெம்பெலிங் ஆற்றில் ஒரு நாள்



விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டிற்குச் செல்வோர்க்கு விடுமுறை நாள் பெறற்கரியது. அத்தகைய ஒரு நாளை நாங்கள் ஆற்றில் கழித்தோம். அன்று அடைந்த இன்பத்தையும், கற்ற பாடத்தையும் உங்கள்முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாங்கள் நண்பர்கள் ஐவர். எங்களுள் மூத்தவர், ஒரு தோட்டத்தில் மண்டோராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஜெராண்டுட் பட்டணத்தில் இரவு தங்கி, காலையில் குவாலா தெம்பெலிங் படகுத்துறையை அடைந்தோம். தெம்பெலிங் ஆறும் ஜெலாய் ஆறும் அங்கேதான் ஒன்றுகூடிப் பகாங் ஆறாகின்றன. தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான ஆறு அதுவே. இரயில்பாதை வருமுன் உள்நாட்டு மக்களுக்கு ஆறே பெருஞ்சாலையாக விளங்கியது. இன்று குவாலா தாஹானுக்குத் தரைவழிச் சாலை உண்டு. எனினும் நாங்கள் ஆற்றுவழியையே விரும்பினோம்.

நீண்டு ஒடுங்கிய மரப்படகு. பின்புறத்தில் இயந்திரம், முன்முனையில் நீண்ட கழியுடன் ஓர் உதவியாளர். படகோட்டி எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு மிதவைச் சட்டையை நீட்டினார். மண்டோர் சிரித்தார். “ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு எதற்கப்பா இது?” என்றார். அவருடைய மகன் வயதுடைய அந்த மலாய் இளைஞர், “பாக்சிக், இதை அணிந்தால்தான் படகு புறப்படும்” என்று பணிவோடு கூறினார். மனமின்றி மண்டோர் அணிந்துகொண்டார். தொங்கிய வார்களை இளைஞரே இழுத்துக் கட்டினார்.

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல வேண்டும். சுமார் மூன்று மணி நேரம் ஆகும். கரையோர நெராம் மரங்கள் ஆற்றின்மேல் வளைந்து நிழல் செய்தன. எருமைகள் நீரில் அமிழ்ந்து கிடந்தன. இருவாட்சிப் பறவைகள் இரண்டு சிறகொலி எழுப்பிப் பறந்தன. உலகக் கவலைகளை மறந்திருந்தோம்.

மழையில்லாக் காலமாதலின் ஆற்றில் நீர் குறைந்திருந்தது. ஆழமற்ற ஓரிடத்தில் படகின் அடிப்பாகம் கூழாங்கற்களில் உரசி நின்றது. அடுக்குச் சட்டி உருண்டது. அதைப் பிடிக்க மண்டோர் சட்டென்று எழுந்தார். படகு சாய்ந்தது, மறுகணம் அவர் ஆற்றில் விழுந்தார். அருகிலிருந்த ஆழத்திற்கு நீரோட்டம் அவரை இழுத்துச் சென்றது. எங்களுள் ஒருவர் பதறி எழ முயன்றார். “யாரும் எழவேண்டாம்!” என்று படகோட்டி கூவினார். உதவியாளர் கழியை நீட்டினார். மிதவைச் சட்டை தாங்கியபடியால் மண்டோரின் தலை நீருக்குமேல் நின்றது. கழியைப் பற்றிக் கரையேறினார்.

குவாலா தாஹானில் மிதக்கும் உணவகமொன்றில் உணவருந்தினோம். எதிர்க்கரையில் தாமான் நெகாரா தொடங்குகிறது. பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்த காடு அது. ஆனால் மண்டோரின் கண்கள் காட்டை நோக்கவில்லை. நெடுநேரங்கழித்து அவர் பேசினார்:

“நீந்தத் தெரியும் என்றுதானே எண்ணினேன்? விழுந்ததும் வாயிலும் மூக்கிலும் நீர் புகுந்தது. காலணியும் கால்சட்டையும் கீழே இழுத்தன. கை கால் என் சொல்லைக் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து ஈயக்குட்டையில் இரு பிள்ளைகளை இழந்தோம். அவர்களும் நீந்தத் தெரிந்தவர்களே. ‘பிள்ளைகள் பயந்துவிட்டன’ என்று அன்று சொன்னேன். பயமன்று, நீரின் வலிமை என்பதை இன்றுதான் அறிந்தேன்.”

தோழர்களே! இச்சொற்களை உங்கள் இல்லங்களுக்கு எடுத்துச் செல்லுங்கள். படகில் ஏறினால் மிதவைச் சட்டை அணிந்து வார்களைக் கட்டுங்கள். அளவுக்கு மிஞ்சி ஆளேற்றும் படகில் ஏறாதீர்கள். ஓடும் படகில் எழுந்து நிற்காதீர்கள். ஈயக்குட்டைகளின் கரை சரிந்து திடீரென ஆழமாகும். பிள்ளைகளை அங்கே தனியே விடாதீர்கள். அருவியிலோ மலையாற்றிலோ குளிக்கும்போது நீர் கலங்கினாலும், இலைச்சருகுகள் மிகுதியாக மிதந்து வந்தாலும் உடனே மேட்டிற்கு ஏறுங்கள். மேற்புறத்தில் பெய்த மழை திடீர் வெள்ளமாய்ப் பாய்ந்து வருவதன் அறிகுறி அது. மலாய் மக்கள் அதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். நம் தலைக்குமேல் வெயில் காய்ந்தாலும் அது வரும். நீரில் ஒருவர் தத்தளித்தால் நீங்களும் குதிக்காதீர்கள். கழியையோ கயிற்றையோ நீட்டுங்கள்.

ஆற்றைக் கண்டு அஞ்சி வீட்டில் அடைந்து கிடக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. குடும்பத்தோடும் நண்பர்களோடும் சென்று நம் நாட்டின் ஆறுகளைக் கண்டு மகிழுங்கள். மாலையில் திரும்பும்போது எங்களுள் முதலில் மிதவைச் சட்டையை அணிந்தவர் மண்டோரே. பிறகு எங்கள் நால்வரின் வார்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.