எடை இறங்காது நிற்கும் நாளில்

(வெள்ளி விழாவையொட்டிக் கூடிய இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் மேடையில் உடல் எடையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நம் பெற்றோர் வயலிலும் களத்திலும் வெயிலில் நின்று உழைத்தனர். அவ்வுழைப்பால் படித்த நம்மில் பலர் இன்று நாள் முழுதும் மேசைமுன் அமர்ந்திருக்கிறோம். வேலை மாறியது, தட்டில் குவியும் சோறு மாறவில்லை. கடைத் தேநீரும் எண்ணெய்ப் பலகாரமும் அதனுடன் சேர்ந்துகொண்டன. இளம் வயதிலேயே நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் வீடுகளில் நுழைவதைக் காண்கிறோம். அரும்பாடுபட்டுப் பெற்ற பதவியில் நலத்துடன் நீடித்துப் பணியாற்ற வேண்டாமா?

இதை உணர்ந்து எடையைக் குறைக்க முனைவோர் பலர். முதல் இரண்டு மூன்று மாதங்கள் எடை இறங்குகிறது. பிறகு ஒரு நாள் நின்றுவிடுகிறது. உணவும் அதேதான், நடையும் அதேதான்; முள் மட்டும் அசைவதில்லை. அவ்விடத்தில் மனம் தளர்ந்து முயற்சியையே கைவிடுவோர் மிகுதி. அந்தத் தேக்கத்தைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. எடை குறைப்பு எல்லோருக்கும் உரியதன்று. சோகை பிடித்த பெண்களும், கருவுற்ற தாய்மாரும், வளரும் பிள்ளைகளும் இதில் இறங்கலாகாது. எடையைக் கிலோவில் கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுத்தால் வரும் எண் நம் நாட்டவர்க்கு 23க்கு மேற்பட்டால் மிகை எடை என்றும், 25ஐ எட்டினால் பருமன் என்றும் மருத்துவர் கொள்வர். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும், பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

தேக்கம் ஏன் வருகிறது?

அரிசிப் பானையில் அரிசி குறையக் கண்ட நம் பாட்டிமார் என்ன செய்தனர்? உலையில் இடும் அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாகக் குறைத்து, இருப்பதைக் கொண்டு நாளை நீட்டினர். நம் உடலும் அதையே செய்கிறது. வரவு குறைந்தால் செலவைச் சுருக்குகிறது. நாம் விரும்பி உண்ணாதிருக்கிறோமா, பஞ்சத்தால் உண்ணாதிருக்கிறோமா என்பதை அது அறியாது.

1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர் அதற்குத் தாமாக முன்வந்தனர். 24 வாரங்கள் ஏறத்தாழப் பாதி உணவே அவர்களுக்கு அளிக்கப்பட்டது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. ஆயின், ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலோ ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிட்டது. நாடித்துடிப்பு மெதுவாயிற்று, குளிர் தாங்க முடியவில்லை, உணவைத் தவிர வேறு நினைவே எழவில்லை. பட்டினி கிடப்பதால் எடையை வென்றுவிடலாம் என்போர் இதனை மறந்துவிடலாகாது.

அளவோடு குறைப்போர்க்கும் இக்கணக்கு உண்டு. ஒரு கிலோ எடை குறைந்தால் உடலின் நாட்செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ நாளொன்றுக்கு 100 கலோரி அளவுக்கு மிகுகிறது என்று பிற்கால ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. 85 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்கிறார் என்று கொள்வோம். 7 கிலோ இறங்கியதும் அவர் உடலின் செலவு 175 கலோரி அளவுக்குக் குறைந்துவிடும். எஞ்சுவது 325 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. ஒரு பிடி வேர்க்கடலையில் 170 கலோரி. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையில் 40 கலோரி. மிகுந்த பசியில் இம்மூன்றும் அறியாமல் உள்ளே போனால் கணக்கு நேராகிவிடுகிறது, முள் நிற்கிறது. இதில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை. வெறும் கூட்டல் கழித்தலே உண்டு.

மெய்யான தேக்கந்தானா?

மூன்று நாள் முள் அசையாமைக்குத் தேக்கம் என்று பெயரன்று. முதல் வாரங்களில் விரைந்து இறங்குவதில் பெரும்பகுதி, உடலில் சேமிப்பாயிருந்த மாவுச்சத்தும் அதனோடு கூடிய நீருமே. அவ்வேகம் நீடிக்காது. முதல் நாள் கருவாட்டுக் குழம்பு உண்டால் மறுநாள் உப்பு நீரைப் பிடித்து வைத்து எடையைக் கூட்டிக் காட்டும். பெண்டிர்க்கு மாதவிலக்கை ஒட்டியும் அவ்வாறே. ஆகவே காலையில், வெறும் வயிற்றில், வாரத்தில் சில நாள்கள் நிறுத்துச் சராசரியைக் குறித்து வருக. நான்கு வாரமாகியும் சராசரி குறையாமல், இடுப்பளவும் குறையாமல் இருந்தால் மட்டுமே அது தேக்கம்.

கடப்பது எவ்வாறு?

முதலாவது, எழுதுவது. எழுத்தறிவைப் பெறுவதற்காகக் கூடிய சங்கம் நம்முடையது. அந்த எழுத்தை இங்கும் பயன்படுத்துவோம். ஏழு நாள்கள் வாயில் இட்டது அனைத்தையும் அவ்வப்போதே எழுதுக. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று கூறிய சிலரை ஆராய்ந்து 1992இல் அமெரிக்க மருத்துவர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்கள் தாம் உண்டதில் ஏறத்தாழப் பாதியைச் சொல்லாது விட்டிருந்தனர். செய்த உழைப்பையோ பாதிக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தனர். நினைவு தன் வசதிக்கேற்பக் கணக்கெழுதும். குறிப்பேடு அவ்வாறு எழுதாது.

இரண்டாவது, சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது. முட்டை, மீன், கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவை நீண்ட நேரம் பசி தாங்கும், தசையையும் காக்கும். கீரையும் காய்கறியும் தட்டில் பாதியை நிரப்பட்டும்.

மூன்றாவது, தசையைக் காப்பது. உணவை மட்டும் குறைப்போர் இழக்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கொழுப்பன்று; தசை முதலியவையே. அதனால் உடலின் செலவு இன்னும் குறைகிறது. வாரம் 150 நிமிடமேனும் விரைந்த நடையும், இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. தண்டால், பஸ்கி, நீர் நிறைந்த குடத்தைத் தூக்கி இறக்குதல் ஆகியவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. தேக்கம் வந்தபின் தொடங்குவதைவிட, முதல் நாளிலேயே தொடங்குவது தேக்கத்தைத் தள்ளிப்போடும்.

நான்காவது, உறக்கம். ஒரே அளவு உணவை உண்டு எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்தவர்களையும் ஐந்தரை மணி நேரம் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான சிறிய ஆய்வொன்று, இரு நிலையிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தாலும், உறக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போயிற்று என்று காட்டியது.

இவ்வளவுக்குப் பிறகும் இறங்காவிட்டால் மருத்துவரை அணுகுக. தைராய்டுக் குறைவும் சில மருந்துகளும் எடையைப் பிடித்து நிறுத்தக்கூடும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைப்போம் என்னும் விளம்பரப் பொடிகளைத் தேடி ஓடற்க.

முள் நின்றாலும் பயன் நிற்பதில்லை

இறுதியாக, இவ்வுரையின் உயிர்க்கருத்தைச் சொல்ல விழைகிறோம். நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரிடம் சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொள்ளத் தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டோருள் அது 39 பேர் அளவே. வியப்பு யாதெனில், இரண்டாம் கூட்டத்தாரின் எடை குறையவே இல்லை! எடைக் கருவி ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்ன அதே ஆண்டுகளில், பலரை நோயினின்று அம்முயற்சி காத்து நின்றது.

இளைஞர்களே! இரண்டு கிலோ திரும்ப ஏறினாலும், நான்கு வாரம் முள் அசையாவிட்டாலும், நடையை நிறுத்தாதீர்கள். பருமனானவர் தம் எடையில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்து அதைக் காத்தாலே நன்மை பெரிது. ஒருவர் தனியே நடந்தால் தளர்வார். நால்வர் சேர்ந்து நடந்தால் ஒருவர் தளர்ச்சியை மற்றவர் போக்குவர். நாளை காலை இச்சங்கத்தின் வாயிலிலிருந்தே அந்த நடையைத் தொடங்குவோம்.