அடியார் நடந்த வழியும் அன்னசத்திரமும்



இரயில் வராத காலத்தில் காசியினின்று இராமேசுவரம் நோக்கிக் கால்நடையாகவே வந்த அடியார்கள் பலர். கங்கை நீரைச் சுமந்து வந்த அவர்களுக்குத் தஞ்சைச் சீமை முக்கிய வழியாக அமைந்தது. அவ்வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களை எழுப்பினர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் ராஜாமடத்து மோகனாம்பாள் சத்திரமும் அவ்வரிசையைச் சேர்ந்தவை.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்குச் சென்றது. 1801-இல் மன்னர் இரண்டாம் சரபோஜி, கம்பெனியின் பிரதிநிதியான பெஞ்சமின் டோரின் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இழந்த அதிகாரத்தைக் கேட்டு எழுதிய கடிதம் அன்று அது. சத்திரங்களின் அறம் தடைபடலாகாது என்பதே அதன் வேண்டுகோள்.

அங்கு நடந்த அறம் யாது? வழிப்போக்கர் எக்குலத்தவராயினும் அன்னம் உண்டு. பக்கீர்களுக்கும் உண்டு. சமைத்த உணவை ஏற்காதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் அளக்கப்பட்டன. நோயுற்றவர்க்கு மருந்தும் பத்திய உணவும் கிடைத்தன; குணமாகும் வரை அவர்கள் மரியாதையுடன் பேணப்பட்டனர். வழியில் மகப்பேறு கண்ட தாய் மூன்று மாதம் வரை தங்கலாம். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கல்வி பெற்றனர்.

இவை அனைத்தினும் சிறந்தது ஒன்றுண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என்று உரக்கக் கூவி அழைத்தார்கள். முதலில் வருபவரை வரவேற்பது எளிது. களைத்துப் பிந்தி வருபவருக்காகக் காத்திருப்பதே சத்திரத்தின் இலக்கணம். 1802-இல் ஒரத்தநாட்டில் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரமும் இவ்வறத்தின் தொடர்ச்சியே.

இச்செய்தி கோலசிலாங்கூர் வட்டாரத்து ஆலயங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். தஞ்சை, திருச்சிச் சீமைகளினின்று நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தோர் எண்ணற்றோர். ஈஜோக், புக்கிட் ரோத்தான், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா முதலிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்தவர்கள், தாம் குடியேறிய இடந்தோறும் கோயில் எழுப்பினர். அந்நாளில் திருவிழாவுக்கு வரும் உறவினருக்குச் சத்திரம் தேவைப்படவில்லை; லயத்து வீடே சத்திரமாயிற்று.

இன்று நிலைமை வேறு. பல தோட்டங்களில் லயங்கள் இல்லை. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். கோயில் மட்டும் நிற்கிறது. தாம் பிறந்த தோட்டத்தின் அம்மனைத் தரிசிக்க ஆண்டுக்கொருமுறை வரும் முதியவர், தம் சொந்த மண்ணிலேயே வழிப்போக்கராக நிற்கிறார். இரவுப் பூசை முடிந்தபின் அவர் எங்கே தலைசாய்ப்பார்? அவருக்குக் கதவு திறந்திருக்கும் இடம் ஆலய மண்டபம் ஒன்றே.

மண்டபத்தைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுவதில் தவறில்லை. வருவாயின்றி ஆலயம் நடவாது. ஆயினும் திருவிழா நாள்களிலேனும் அது சத்திரமாக வேண்டும். பெண்களுக்குத் தனி இடம், சில பாய்கள், குடிநீர், தூய்மையான கழிப்பறை, அவசரத்திற்கு ஒரு வாகனம், இரவு முழுதும் விழித்திருக்கும் தொண்டர் இருவர் — இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்துப் பழகிய இளைஞர்களுக்கு இது அரிய பணியும் அன்று. அன்னதானத்தில் கடைசியாக வருபவருக்கென ஒரு பங்கு எடுத்து வைக்கப்படுமாயின், அந்த நள்ளிரவு மணி இங்கும் ஒலித்ததாகும்.

கோபுரம் உயர்வது ஆலயத்திற்கு அழகு. பசித்தவர் உண்டு, களைத்தவர் உறங்குவது அந்த அழகுக்கு உயிர். அன்பர்கள் யாவரும் இத்தொண்டில் கைகோத்து அன்னையின் திருவருளைப் பெறுவார்களாக.