கோள்கள் இயங்கும் நெறி

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கழகம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவெய்தியுள்ளன. 25 ஆண்டுகள் என்றால் என்ன? நாம் நிற்கும் இந்தப் பூமி ஞாயிற்றை 25 முறை சுற்றி வந்துள்ளது என்பதே அதன் பொருள். ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 94 கோடி கிலோமீட்டர். இதே காலத்தில் திங்கள் பூமியை ஏறக்குறைய 334 முறை சுற்றிவிட்டது. செவ்வாய் 13 சுற்றுகளை முடித்துவிட்டது. வியாழன் இரண்டு சுற்றுகளை முடித்து மூன்றாவதில் செல்கிறது. சனியோ இன்னும் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. அதற்கு ஏறக்குறைய 29½ ஆண்டுகள் தேவை. ஒன்று விரைந்து ஓடுவதும் மற்றொன்று மெல்ல நகர்வதும் ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சனி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் வீடுகளில் அச்சம் எழுகிறது. பள்ளியிறுதித் தேர்வில் பிள்ளை தவறிவிட்டால், கணக்குப் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுவதற்கு முன்னர் ஏழரைச் சனி நடக்கிறதா என்று சாதகத்தைத் தேடுவோர் உளர். சனி விலகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைத் தவறவிடுவோரும் உளர். பரிகாரத்திற்கென வட்டிக்குப் பணம் வாங்கிய குடும்பங்களையும் நாம் கண்டிருக்கிறோம். நாட்கூலியை நம்பி வாழும் வீட்டிற்கு அந்தக் கடன் சிறிதன்று. ஆகவே, கோள்களின் இயக்கத்தை அறிந்துகொள்வது நமக்குப் பொழுதுபோக்கு அன்று.

முதலில் அந்த ஏழரை என்னும் எண்ணையே ஆராய்வோம். வானத்தில் கோள்கள் செல்லும் பாதையை முன்னோர் 12 இராசிகளாகப் பகுத்தனர். சனி ஒரு சுற்று வர 29½ ஆண்டுகள் ஆகுமெனின் ஓர் இராசியைக் கடக்க ஏறக்குறைய 2½ ஆண்டுகள் ஆகும். ஒருவருடைய பிறந்த இராசி, அதற்கு முன்னுள்ள இராசி, பின்னுள்ள இராசி ஆகிய மூன்றையும் கடக்க 7½ ஆண்டுகள். இக்கணக்கில் பிழையில்லை. வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்தே இதனைக் கணித்த பண்டைக்காலத்தாரின் பொறுமை போற்றத்தக்கது. சனி என்ற பெயர்கூட, மெதுவாகச் செல்வது எனப் பொருள்படும் சனைச்சரன் என்ற வடசொல்லினின்று வந்ததேயாகும்.

ஆனால் அக்கணக்கின்மீது ஏற்றிவைத்த பயன் வேறு. பன்னிரண்டில் மூன்று என்பது நான்கில் ஒரு பங்கு. அப்படியாயின், எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் உலக மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருக்கும். நாற்பது மாணவர் அமர்ந்துள்ள ஒரு தேர்வுக் கூடத்தில் பதின்மருக்கு ஏழரை என வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதின்மரில் முதல் வகுப்பில் தேறியவரும் இருப்பர். மற்ற முப்பதின்மரில் தவறியவரும் இருப்பர். பள்ளியிலேயே நெடுங்காலம் கழித்த நாம் கண்ட உண்மை, படித்தவர் தேறினர் என்பதேயாகும்.

இனிச் சனி ஏன் மெதுவாகச் செல்கிறது என்பதற்கு வருவோம். இதனைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய நாட்டில் 1571-ஆம் ஆண்டில் பிறந்த யோகான்னசு கெப்ளர். தந்தை கூலிப்படையில் சேர்ந்து போர்முனைகளுக்குச் சென்றவர். இளமையில் அம்மை நோயால் கெப்ளரின் கண்பார்வை குன்றியது. இடையில் பள்ளிப்படிப்பு தடைப்பட்டு வயல் வேலைக்கும் அனுப்பப்பட்டார். ஏழை மாணவர்க்கு அரசு வழங்கிய உதவித்தொகையே அவரைத் தூபிங்கன் பல்கலைக்கழகம் வரை கொண்டு சேர்த்தது. பார்வை குன்றிய அவர் பிறர் பார்த்து எழுதி வைத்த அளவுகளைக் கொண்டு வானத்தை அளந்தார்.

அந்த அளவுகளை எழுதி வைத்தவர் டைக்கோ பிராகி. தொலைநோக்கி தோன்றாத காலத்தில் வெறுங்கண்ணால் கோள்களின் நிலையைப் பல்லாண்டு குறித்துவைத்தவர் அவர். அவர் 1601-இல் மறைந்தபின் கெப்ளர் அக்குறிப்புகளைக் கொண்டு செவ்வாயின் பாதையைக் கணக்கிட்டார். கோள்கள் வட்டத்தில்தான் செல்லும் என்பது இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை. வட்டத்தை வைத்துக் கணக்கிட்டபோது, கணக்கிற்கும் டைக்கோவின் அளவிற்கும் இடையே எட்டுக் கலை வேறுபாடு வந்தது. ஒரு பாகையில் 60 கலைகள். எட்டுக் கலை என்பது முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய வேறுபாட்டையும் அவர் புறக்கணிக்கவில்லை. வட்டத்தைக் கைவிட்டு மீண்டும் கணக்கிட்டார். செவ்வாய் செல்வது நீள்வட்டம் எனத் தெளிந்து 1609-இல் வெளியிட்டார்.

அவர் கண்ட விதிகள் மூன்று. கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன. அதன் இரு குவியங்களுள் ஒன்றில் ஞாயிறு உள்ளது. இது முதல் விதி. ஞாயிற்றை அணுகும்போது கோள் விரைந்தும், விலகும்போது மெதுவாகவும் செல்லும். இது இரண்டாம் விதியின் சாரம். நம் பூமி சனவரி மாதத் தொடக்கத்தில் ஞாயிற்றிலிருந்து 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு 30.3 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. சூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு 29.3 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது.

மூன்றாம் விதி 1619-இல் வெளிவந்தது. பூமிக்குள்ள தொலைவைப்போல் ஒரு கோளின் சராசரித் தொலைவு எத்தனை மடங்கோ, அந்த எண்ணைத் தன்னாலேயே மும்முறை பெருக்கி, வருவதற்கு வர்க்கமூலம் காண வேண்டும். கிடைப்பது அக்கோள் ஒரு சுற்று வரும் ஆண்டுகளின் எண்ணிக்கை. சனியின் தொலைவு ஏறக்குறைய 9½ மடங்கு. 9½-ஐ மும்முறை வைத்துப் பெருக்கினால் 857. அதன் வர்க்கமூலம் 29-க்குச் சற்று மேல். சனி மெதுவாகச் செல்வதன் காரணம் இவ்வளவே. அது ஞாயிற்றிலிருந்து தொலைவில் உள்ளது. ஆகவே பாதையும் நீளம், விரைவும் குறைவு. சோதிடம் கணித்துத் தருவதும் கெப்ளரின் அரசவைப் பணிகளுள் ஒன்றாக இருந்தது. எனினும் அவர் கண்ட மூன்று விதிகளில் எதிலும் ஒருவர் பிறந்த நேரத்திற்கு இடமில்லை.

கோள்கள் எவ்வாறு செல்கின்றன என்பதைக் கெப்ளர் கூறினார். ஏன் அவ்வாறு செல்கின்றன என்பதை 1687-இல் தம் நூலில் விளக்கியவர் ஐசக் நியூட்டன். கிளி விரட்டும் கவணைச் சுழற்றிக் கயிற்றை விட்டால் கல் நேராகப் பறந்து போவதை நீங்கள் அறிவீர்கள். திங்களும் அவ்வாறே நேராகப் போக முயல்கிறது. பூமியின் ஈர்ப்பு அதனை உள்நோக்கி இழுக்கிறது. கையிலிருந்து நழுவிய கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். திங்கள் பூமியின் மையத்திலிருந்து, பூமியின் ஆரத்தைப்போல் 60 மடங்கு தொலைவில் உள்ளது. தொலைவு 60 மடங்கானால் ஈர்ப்பு 60 பெருக்கல் 60, அதாவது 3,600-இல் ஒரு பங்காகக் குறையும். எனவே திங்கள் ஒரு நொடியில் விழுவது 1.4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதே நொடியில் அது பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் சென்றுவிடுகிறது. இவ்வாறு ஒவ்வொரு நொடியும் விழுந்துகொண்டும் முன்னேறிக்கொண்டும் இருப்பதால், அது பூமியின்மேல் மோதாமலும் பூமியை விட்டு நீங்காமலும் சுற்றி வருகிறது.

இதன் பெருமையை நீங்கள் உணர வேண்டும். விண்ணுலகப் பொருள்கள் தூயவை, அவற்றிற்குத் தனி நெறி. மண்ணுலகப் பொருள்கள் தாழ்ந்தவை, அவற்றிற்கு வேறு நெறி என்று அரிசுட்டாட்டில் காலந்தொட்டு அறிஞர்கள் கற்பித்து வந்தனர். தெருவில் விழும் கல்லுக்கும் வானில் செல்லும் திங்களுக்கும் ஒரே சட்டம் என நியூட்டன் கணக்கினால் காட்டினார். மேலிருப்பதற்கு ஒன்று, கீழிருப்பதற்கு ஒன்று என்ற கொள்கை அன்றே வீழ்ந்தது.

இராகு, கேது பற்றியும் ஒரு சொல். திங்களின் பாதை, ஞாயிறு வானில் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்துள்ளது. இரு பாதைகளும் குறுக்கிடும் இரண்டு இடங்களுக்கே இராகு, கேது எனப் பெயர். அமாவாசையோ பௌர்ணமியோ அவ்விடங்களுக்கு அருகில் நேரும்போதே கிரகணம் உண்டாகும். அந்தப் புள்ளிகள் 18.6 ஆண்டுகளில் ஒரு முறை பின்னோக்கிச் சுற்றி வருவதால், ஓர் இராசிக்கு ஏறக்குறைய 1½ ஆண்டு என்ற கணக்கு வந்தது. எந்தத் தொலைநோக்கியாலும் அங்கு ஒன்றும் காண இயலாது. கல்லோ மண்ணோ இல்லாத இரண்டு புள்ளிகளுக்கு நாம் அஞ்சி வந்துள்ளோம்.

இளைஞர்களே, இக்கணக்கு வெளிநாட்டு அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டின் இன்சாட் துணைக்கோள்கள் பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 42,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு நாளைக்கு ஒரு சுற்று வருகின்றன. பூமியும் அதே நேரத்தில் தன்னைத்தானே சுற்றுவதால் அவை வானில் ஒரே இடத்தில் நிற்பனபோல் தோன்றுகின்றன. திங்களின் தொலைவு ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர், அதாவது அதைப்போல் 9 மடங்கு. ஒன்பதை மும்முறை வைத்துப் பெருக்குங்கள்: 729. வர்க்கமூலம் காணுங்கள்: 27. திங்கள் பூமியைச் சுற்றி வரும் நாட்கள் ஏறக்குறைய 27 என்பதை ஒரு துண்டுத் தாளில் நீங்களே கண்டுவிட்டீர்கள். இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். யாரிடமும் அனுமதி பெறவும் வேண்டா.

ஆகவே நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. கழகத்தின் படிப்பகத்தில் கூடும் மாணவர்கள் இக்கணக்குகளை ஒருமுறை தாமே செய்து பார்க்க வேண்டும். செய்தபின் வீட்டிற்குச் சென்று, தாய்க்கும் தந்தைக்கும் பொறுமையோடு எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய அச்சத்தை எள்ளி நகையாடல் கூடாது; பிள்ளைமேல் உள்ள அன்பினால்தான் அவர்கள் அஞ்சுகின்றனர். பரிகாரத்திற்கு என்று எடுத்து வைத்த பணம் தேர்வுக் கட்டணமாகவும் புத்தகமாகவும் மாறுமானால் அதுவே இவ்வுரையின் பயன்.

கழகம் தோன்றிய ஆண்டில் எந்த விண்மீன்களின் நடுவே சனி நின்றதோ, அவ்விடத்திற்கு அது மீண்டும் வந்துசேர இன்னும் ஏறக்குறைய 4½ ஆண்டுகள் உள்ளன. அது தன் வழியில், தன் கணக்குப்படி வந்துசேரும். அதற்குள் நம் தெருக்களிலிருந்து எத்தனை பேர் பட்டம் பெறுவர் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.