நீள் இழையும் கட்டுச்சோறும்



பத்தாண்டு நிறைவு என்பது ஒரு வகையில் பிறந்தநாள். பிறந்தநாளன்று எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி, "இன்று என்ன சமையல்?" என்பதுதான். தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்துங்கால் தெய்வத்தை அடுத்து உணவையே வைத்தார். ஒரு நிலத்தின் மக்களை அறிய அவர்தம் உணவும் ஒரு வாயில் என்பதே அதன் கருத்து. அவ்வாயில் வழியே இன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் பிறந்தநாள் விருந்து ஒன்றனைக் காணலாம்.

தமிழர் நெல், அரிசி, சோறு என மூன்று சொற்கள் வைத்திருப்பது போலவே தகலாக் மொழியினரும் பாலாய், பிகாஸ், கானின் என மூன்று சொற்கள் வைத்துள்ளனர். வயலில் நிற்பது வேறு, உலையில் இடுவது வேறு, இலையில் விழுவது வேறு என்று பிரித்தறிந்த மொழிகள் இவை. வழியில் கண்டவரை "சாப்பிட்டாயிற்றா?" என்று வினவி நலம் அறிவதும் இரு நாட்டார்க்கும் பொது. பச்சைப் பப்பாளியைத் துருவி ஊறவைத்து அவர்கள் 'அச்சாரா' என்பர். ஈழத்தமிழர் தம் ஊறுகாயை 'அச்சாறு' என்பர். கடல் பிரித்தாலும் சொற்கள் உறவு கொண்டாடுகின்றன.

அந்நாட்டுப் பிறந்தநாள் விருந்தில் தவறாது இடம்பெறுவது பன்சித். சீனர் வழி வந்த இழையுணவு இது. இழை நீண்டிருந்தால் ஆயுளும் நீளும் என்பது நம்பிக்கை. ஆதலின் அன்று இழையை வெட்டலாகாது. பிறந்தநாள் கொண்டாடுபவரே பிறர்க்கு உணவளிப்பது அங்குள்ள மரபு. விருந்தினர் வெறுங்கையோடு திரும்புவதும் இல்லை. எஞ்சிய உணவைப் பொதிந்து கையில் கொடுத்தனுப்புவர். வழிக்கு எடுத்துச் செல்லும் உணவு 'பாவோன்' எனப்படும். விடைபெறுவோர்க்கு அவ்வாறு தருவது 'பபாவோன்'. 'கட்டுச்சோறு' என்னும் தமிழ்ச்சொல் இதற்கு எத்துணைப் பொருத்தமாக அமைகிறது!

இவ்வீட்டுணவு இன்று புதுமை உணவகங்களுக்கு ஏறியிருக்கிறது. வீட்டில் அன்றாடம் உண்பதற்கு வெளியே சென்று யார் பெரும்பணம் கொடுப்பர் என்ற எண்ணம் அந்நாட்டாரிடையே நெடுங்காலம் இருந்தது. அவ்வெண்ணம் இப்போது மாறி வருகிறது. சிகாகோ நகரில் 2020இல் தொடங்கப்பெற்ற கசாமா என்னும் உணவகம் 2022இல் மிச்லின் நட்சத்திரம் பெற்றது. பிலிப்பினோ உணவகம் ஒன்று அச்சிறப்பை எய்தியது அதுவே முதன்முறை. 'கசாமா' என்றால் உடன் இருப்பவர் என்று பொருள்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று மணிலாப் பெருநகரைச் சேர்ந்த மகாத்தியில் உண்டு. 'பாஹாய் கூபோ' என்பது பிலிப்பினோக் குழந்தைகள் அனைவரும் பாடும் நாட்டுப்பாடல். சிறு குடிசையையும் அதனைச் சூழ்ந்த தோட்டத்தையும் பாடுவது அது. கத்தரி, அவரை, சுரை, பூசணி, முள்ளங்கி, இஞ்சி, எள் எனப் பதினெட்டுப் பயிர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. மகாத்தியில் உள்ள தோயோ ஈட்டரி என்னும் உணவகம் அப்பதினெட்டையும் ஒரே தட்டில் அமைத்துத் தருகிறது. பாட்டு ஒன்று பண்டமாகிவிட்டது. பழம்பாடலைப் புதுக்கவிஞன் எடுத்தாள்வதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. பாடலை அறிந்தவர்க்கு அத்தட்டு ஓர் உள்ளுறை. அறியாதவர்க்கு வெறும் காய்கறி.

இத்தகைய ஓர் உணவகத்தில் ஒரு குடும்பம் அமர்ந்திருப்பதாக மனக்கண்ணில் கொள்ளலாம். குடும்பம் கற்பனையே, ஆயினும் அந்நாட்டில் அதனை ஒத்த குடும்பங்கள் பல. பாட்டிக்கு அன்று எழுபது நிறைகிறது. பாட்டியை அங்கு 'லோலா' என்பர். மகள் அயல்நாட்டில் செவிலி. பதினைந்து ஆண்டுகளாகப் பணம் அனுப்புகிறாள். 1974ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்புக்குப்பின் அயல்நாட்டு வேலைவாய்ப்பை அரசே நெறிப்படுத்தத் தொடங்கியது. அது முதல் பிரிவு என்பது எண்ணற்ற இல்லங்களின் அன்றாடமாயிற்று. மகளின் மகன் லோலாவின் கைச்சோற்றில் வளர்ந்தவன். விடுமுறையில் வந்த மகள், "இன்றாவது அம்மா அடுப்படியில் நிற்க வேண்டாம்" என்று அனைவரையும் அழைத்து வந்திருக்கிறாள்.

லோலாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. தம் பிறந்தநாளில் தாம் பிறர்க்கு ஊட்டாமல் பிறர் தமக்கு ஊட்டுவது முறையன்று என்று தோன்றுகிறது. பன்சித் வருகிறது, பெரிய வெண்தட்டின் நடுவே ஒரு குருவிக்கூட்டின் அளவில். "இது யாருக்கு?" என்கிறார். "எல்லார்க்கும்தான் அம்மா" என்கிறாள் மகள்.

அடுத்து வருவது காரே-காரே: மாட்டுவாலை நிலக்கடலைச் சாற்றில் வேகவைத்த குழம்பு. இதற்கும் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு கூறுவர். 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைக் கைப்பற்றிய படை சென்னைப்பட்டினத்திலிருந்து சென்றது. 1764இல் அது திரும்பியபோது இந்தியச் சிப்பாய்கள் சிலர் காயிந்தா என்னும் ஊரில் தங்கிவிட்டனர். அவர்தம் 'கறி'யே இப்பெயரின் மூலம் என்பது வழங்கிவரும் கதை; ஆய்வாளர் எல்லாரும் இதனை ஏற்பதில்லை. ஊர் திரும்பாதவர் நாவில் ஊர் எஞ்சியிருக்கும் என்ற அளவில் அக்கதைக்குள் ஓர் உண்மை இருக்கிறது.

காரே-காரேக்குத் தொட்டுக்கொள்ளப் பகோஓங் எனும் இறால் நொதியல் வேண்டும். புதுமைச் சமையலர் அதனைக் குழம்பின்மேல் தாமே அளந்து இட்டிருக்கிறார். லோலா பணியாளரை அழைத்துச் சிறு கிண்ணத்தில் தனியே கேட்கிறார். மகள் சற்றே நாணுகிறாள். ஆனால் நாணத்தக்கது அதில் ஒன்றுமில்லை. அத்தொடுகறிகளுக்குச் சவ்சாவன் என்று பெயர். மணிலாவின் அத்தெனியோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயிற்றியவரும் 1994இல் 'திக்கிம்' என்ற உணவுக் கட்டுரை நூலை வெளியிட்டவருமான டோரீன் பெர்னாண்டஸ் இச்சவ்சாவனைப் பற்றிச் சிந்தித்தவர். உண்பவரும் சமைப்பவரோடு சேர்ந்து சுவையை நிறைவு செய்கிறார் என்பது அவர் சிந்தனையின் சாரம். இறைச்சிப் பொருளைக் கேட்போர்க்கு விட்டுவைத்த தமிழ்க்கவிஞர்க்கு இது புதிதன்று. எல்லாவற்றையும் தாமே சொல்லி முடிக்கும் கவிதை, கிண்ணம் வையாத தட்டைப் போன்றது.

பின்னர் வருகிறது சினிகாங் எனும் புளிச்சாறு. புளி, பச்சை மாங்காய், கொய்யா, பிலிம்பிக்காய் என எதனாலும் புளிப்பேற்றுவர். வீட்டுக்கு வீடு புளிப்பு வேறு. பேரன் ஒரு கரண்டி பருகி நிமிர்கிறான். "இது நம் வீட்டுப் புளிப்பு இல்லை. நீங்கள் எதைப் போடுவீர்கள் லோலா?" என்கிறான். குறுந்தொகையின் 167ஆம் பாடலில், கண்ணில் தாளிப்புப் புகை படிய இளமனைவி சமைத்த புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதின் மகிழ்கிறது. அத்தலைவிக்குச் சமைத்த அன்றே கிட்டியது லோலாவுக்கு எழுபதாம் அகவையில்தான் கிட்டியது. அத்தனை ஆண்டுகள் உண்டவர் எவரும் கேட்டதில்லை. அளவு எங்கும் எழுதப்படவும் இல்லை. அவர் விரல்களால் அளவு காட்டிச் சொல்லத் தொடங்குகிறார். பேரன் கைத்துடைக்கும் தாளில் எழுதிக்கொள்கிறான். மகள் எழுதவில்லை; கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதினைந்து ஆண்டுகளாக அயல்நாட்டு அடுப்பில் அவள் தேடித் தோற்றது இந்த அளவைத்தான்.

புதுமை உணவகம் மரபைக் கெடுத்தது என்று ஒருசாரார் கூறுவர். உயர்த்தியது என்று மறுசாரார் கூறுவர். இரண்டும் ஓரளவே உண்மை. வேறொரு புளிப்பை நாவில் வைத்தபோதுதான் தன் வீட்டுப் புளிப்பு எது என்று கேட்கப் பேரனுக்குத் தோன்றிற்று. புதுமை செய்யக்கூடிய பெருநன்மை இதுவே. ஆனால் அக்கேள்விக்கு விடை சொல்லப் பாட்டி எதிரே இருக்க வேண்டும். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்டிருப்பானாயின், விடை சொல்ல யார் இருந்திருப்பார்?

விருந்து முடிகிறது. லோலா வழக்கம்போல் எஞ்சியதைப் பொதிந்து தரச் சொல்கிறார். தட்டுகளில் எஞ்சியது ஏதுமில்லை. பன்சித் மட்டும் ஒரு பிடி இருக்கிறது, அவர் உண்ணாமல் ஒதுக்கி வைத்தது. அதனை வெட்டாமல் பொதியச் செய்து மகள் கையில் கொடுக்கிறார். மறுநாள் விடியலில் மகளுக்கு விமானம்.

கவிஞர் பெருமக்களே, இவ்வட்டம் பத்தாண்டுகளாக விருந்து வைத்து வருகிறது. வந்தவர் சுவைத்தனர், பாராட்டினர், விடைபெற்றனர். இவ்வாண்டு முதல் முறையாக வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளையவர் எழுந்து போகும்போது அவர் கையில் ஒரு பொதி இருக்கிறதா என்பதே இப்பிறந்தநாளில் எண்ணத்தக்கது. முதியோர் கேளாமலே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இளையோர் கேட்கும்போது அளவு சொல்ல ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இளையோர் காலம் தாழ்த்தாமல் கேட்டுவிடுதலும் வேண்டும்.

இவ்வட்டத்தின் இழை வெட்டுப்படாமல் நீள்க.